கோர்ட்டுக்கு இன்றைக்கு லீவு

மலையடிவாரத்தில் சாரல்பட்டி என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரில் மரகதம் டாக்கீஸ் என்றொரு கொட்டகை இருந்தது. அந்தக் கொட்டகையில் மதியக் காட்சி முடிவதற்கும் எஸ்டேட்டுக்குப் போகும் கடைசி பஸ் கிளம்புவதற்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. பொழுது சாய்ந்தால் மலைப்பாதையில் காட்டிலாகாக்காரர்கள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் பஸ் மேலே ஏறியாக வேண்டும். கண்டக்டர் ஞானதுரை கொட்டகை வாசலில் பஸ்ஸை நிறுத்தி விசிலை ஊதுவார், டிரைவர் ஹாரனை அமுக்குவார், உள்ளே தேயிலை எஸ்டேட் ஜனங்கள் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை வாசலிலும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை இடுப்பில் ஏற்றுவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகையில் ஈதான் ஓடும். ஆகவே பஸ்ஸை நிறுத்த முடியாத ஊர் படத்தைக் குறைத்துக்கொண்டது. குறைப்பவர் ஆபரேட்டர் தங்கப்பழம்.

குறைப்பதற்கு ஒரு முறை உண்டு. பாட்டை வெட்டினால் பெஞ்சு உடையும், சண்டையை வெட்டினால் கண்ணாடி உடையும், காமெடியை வெட்டினால் தங்கப்பழத்தின் மண்டை உடையும். மிச்சம் என்ன இருக்கிறது? யாராவது நடந்து போவார்கள், கதவைத் திறப்பார்கள், ஜன்னலருகே நின்று யோசிப்பார்கள். அதை வெட்டினால் ஒருவரும் கேட்பதில்லை. அப்படி எத்தனையோ படங்களில் எத்தனையோ பேரை நடக்கவிடாமலும் யோசிக்கவிடாமலும் செய்து, மலை ஜனங்களை வீடு சேர்த்த புண்ணியவான் அவர்.

அப்போதுதான் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் பெட்டியில் வந்து இறங்கியது. அதன் பெயரை யாரும் சொல்லவில்லை. 'பொண்டாட்டியைக் காணோம் படம்' என்றே ஊரில் சொன்னார்கள். ரகுநாதன் என்கிறவன் புதுமனைவி ஹேமலதாவை அழைத்துக்கொண்டு ஓர் ஏரிக்கரை ஓட்டலுக்கு வருகிறான். காலையில் கண் விழித்தால் அவளைக் காணோம். மேனேஜரைக் கேட்கிறான், சமையல்காரனைக் கேட்கிறான், தோட்டக்காரனைக் கேட்கிறான், எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மனைவியா? தாங்கள் தனியாகத்தானே வந்தீர்கள்" என்கிறார்கள். கொட்டகை கொதித்தது. "புளுகுதான், நாசமாப் போவான்! நாங்க பாத்தோம்லா, தங்க விக்கிரகம் மாதிரி படியேறிப் போனாளே!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். பிறகு ஏரியில் அவள் சேலை மிதக்கிறது. அவள் வரவே இல்லை என்ற அதே வாய்கள், இவன்தான் கொன்றான் என்கின்றன. கோர்ட்டில் நீதிபதி, "கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்கிறார். "அவள் வருவாள்" என்கிறான் ரகுநாதன். நீதிபதி பேனாவை எடுக்கிறார். கதவு திறக்கிறது. ஹேமலதா உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், நடுவழியே நடந்து வருகிறாள். அப்புறம் ஏரிக்கரை, இருவரும், வணக்கம்.

வருவாள் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தி வருவதைக் காட்டத்தான் வேண்டுமா, என்று தங்கப்பழம் நினைத்தார். கத்தரிக்கோல் அங்கேதான் தப்புச் செய்தது. கதவு திறப்பதிலிருந்து ஏரிக்கரை வரை வெட்டி எடுத்து, 'வணக்கம்' போடுகிற துண்டை மட்டும் ஒட்டினார். வெட்டியதைப் பெட்டி திரும்பும்போது சேர்த்து ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பழைய படத்துக்குச் சட்டம் எதற்கு? அந்தத் துண்டை இன்னும் துண்டு துண்டாக்கி, லென்ஸ் வைத்துச் சுவரில் படம் பார்க்கிற தெருப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.

பஸ் போன பிறகு தங்கப்பழம் கொட்டகையைப் பூட்ட இறங்கி வந்தபோது, பெண்கள் வாசலில் ஹேமலதா நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தாள். மேற்கே வானம் அத்தனை சிவப்பாக இருந்தும் அவள்மேல் ஒரு பொட்டுச் சிவப்பு ஒட்டவில்லை.

"ஐயா, நீதிமன்றத்துக்கு எந்த வழியாகச் செல்ல வேண்டும்?" என்று கேட்டாள்.

தங்கப்பழத்துக்கு ஆச்சரியமாக இல்லை. வெட்டப்பட்டவர்கள் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லாம்மா. கோர்ட்டு லீவு."

அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி செல்லக்கனி கதவைத் திறந்து, அவளை மேலும் கீழும் பார்த்து, "படத்துல இடமில்லன்னு இறக்கிவிட்டுட்டாங்களோ பாவம். உள்ள வா தாயி, சோறு ஆறுது" என்றாள். அவ்வளவுதான் விசாரணை.

ஊரும் அப்படித்தான். மறுநாள் குழாயடியில் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவள் குடத்துக்கு வரிசையில் இடம் விட்டார்கள். வளையல்காரர் ஆசையாக ஒரு டஜன் பச்சை வளையலை அவள் கையில் ஏற்றினார். கையைத் தொட்டதும் அது சாம்பல் வளையல் ஆயிற்று. சிவப்பை ஏற்றினார், அதுவும் சாம்பல். "ஏ ஆத்தா, உன்னை வெச்சு நான் யாவாரம் பண்ண முடியாது" என்று சிரித்துக்கொண்டே கழற்றிக்கொண்டார். ஆனால் அவளிடம் ஒரு வெளிச்சம் இருந்தது. எந்த இருட்டு மூலையில் உட்கார்ந்தாலும் அவள் முகத்தின் இடப்பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு விளக்கொளி விழும். கரண்டு போனால் பெண்கள் முறத்தோடு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார்கள். அவள் பெருமூச்சு விட்டால் தூரத்தில் பிடில் கேட்கும். தெரு நாய்கள் காதை நிமிர்த்தும். குழாயடியில் சண்டை மூண்டால் அவள், "சகோதரிகளே, தயவுசெய்து" என்று தொடங்குவாள். சகோதரிகள் என்று தங்களை யாரும் அழைத்துக் கேட்டிராதவர்கள் தலைமுடியை விட்டுவிடுவார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத செல்லக்கனிக்கு அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவதே பெரிய வேலையாகிப் போனது. "என்ன முடிடி உனக்கு! கதாநாயகி முடின்னா சும்மாவா?" என்பாள்.

தினமும் காலையில் ஹேமலதா முகம் கழுவி, சேலையைச் சரி செய்துகொண்டு கேட்பாள்: "அக்கா, இன்று நீதிமன்றம் உண்டா?"

தொடக்கத்தில் ஞானதுரை நியாயமாக நடந்துகொண்டார். அவளை பஸ்ஸில் ஏற்றி, தாலுகா கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆடு மேய்ந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. ரகுநாதன் என்று யாருமில்லை. திரும்ப அழைத்து வந்து, "அது நம்ம கோர்ட்டு இல்லம்மா. உங்க கோர்ட்டு வேற" என்றார். உங்கள் கோர்ட்டு எது என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அது கடைவீதி முக்கில், கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே, மதியந்தோறும் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. "இன்னைக்கு லீவு" என்றாள் செல்லக்கனி. மறுநாள் பூக்காரி சொன்னாள். அதற்கு மறுநாள் போஸ்ட்மேன். கலெக்டர் வருகிறார், லீவு. மழை வருகிறது, லீவு. நீதிபதியின் மாமியாருக்குக் காய்ச்சல், லீவு. கொஞ்ச நாளில் அது ஊரின் சொலவடையாகவே ஆகிவிட்டது; கடன் கேட்டு வந்தவனிடம்கூட, "கோர்ட்டுக்கு இன்னைக்கு லீவு வே" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் கொட்டகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெட்டிய மரம் பட்டை போர்த்துக்கொள்வதுபோல, வெட்டிய இடத்தில் கதை தானாகவே கூடிக்கொண்டது. ஹேமலதா இறங்கிப் போன மறுநாள் காட்சியில், நீதிபதி பேனாவை எடுத்தார், யாரும் வரவில்லை, எழுதினார், நிப்பை உடைத்தார். யாரும் படம் பிடிக்காத ஒரு நிப்பு, யாரும் ஒலிப்பதிவு செய்யாத ஒரு சத்தத்தோடு உடைந்தது. பிறகு ஒரு சுவர், ஒரு கயிறு, வணக்கம். அடுத்த காட்சியிலும் அதேதான். அதற்கடுத்த காட்சியிலும் அதேதான்.

ஊரில் குடியிருக்கும் கதாநாயகியின் படம் என்று சுற்றுவட்டாரமே வந்ததால் கொட்டகை முதலாளி பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. ஜனங்கள் வந்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள், ஓட்டல்காரர்களைத் திட்டினார்கள், நீதிபதி பேனாவில் கை வைத்ததும் எழுந்து வெளியே போனார்கள். மலை ஜனங்கள் பஸ்ஸுக்குப் போனார்கள், சரி. உள்ளூர்க்காரர்களும், "பஸ்ஸு போயிரும், பஸ்ஸு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நடந்து, தெரு முனையில் இருக்கும் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள். வீட்டுக்கு ஹேமலதா வந்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு ஒரு வடை கூடுதலாக வைத்தார்கள்.

ஆபரேட்டர் மட்டும் எழுந்து போக முடியாது. ஆகவே காலியான கொட்டகையில் தினமும் ரகுநாதன் சாவதைத் தங்கப்பழம் ஒருவர் மட்டும் பார்த்தார். ஆபரேட்டர் அறையின் சதுரக் கண்ணாடித் துவாரத்தின் வழியாகப் பார்த்தார். ரகுநாதன் நாளுக்கு நாள் மெலிந்தான். கன்னம் ஒட்டியது, சட்டை தொளதொளத்தது. முதலில் எல்லாம் அவன் கோர்ட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு காலி பெஞ்சுகளைப் பார்த்தான். பிறகு ஒரு வியாழக்கிழமை, நீதிபதி கேட்டு முடித்ததும், அவன் பெஞ்சுகளுக்கும் மேலே, பீடிப்புகை மிதக்கும் ஒளிக்கற்றையைப் பிடித்துக்கொண்டே கண்ணை உயர்த்தி, அந்தச் சதுரத் துவாரத்தை நேராகப் பார்த்தான்.

"ஐயா, அவளைப் பார்த்தீர்களா?"

"இல்லையே" என்றார் தங்கப்பழம்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூடத் தேவலை. மூச்சு விடுவதுபோல வந்துவிட்டது. கீழே நிப்பு உடைந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஹேமலதா மோர் ஊற்றினாள். அவள் கையால் ஊற்றிய மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். "பிள்ளைகளுக்கு ஃபிலிம் துண்டு குடுத்தேம்லா, ஒரு பொம்பள நடந்து வாறது, அதைத் திருப்பிக் குடுங்க. ஒட்டணும்" என்று வீடு வீடாகக் கேட்டார்.

"ஃபிலிமா? எங்க வீட்டுப் பிள்ளைககிட்டயா?" என்றாள் பூக்காரி. அவள் முகம் ஒரு மாதிரி வழவழப்பாக இருந்தது. "நீரு தரவே இல்லையே அண்ணாச்சி."

"எந்தப் பொம்பள?" என்றார் வளையல்காரர்.

போஸ்ட்மேன், "வெயில்ல அலையாதீங்க. கனவு கினவு கண்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவர் வீட்டுச் சுவரில் பிள்ளைகள் லென்ஸ் வைத்துக் காட்டிக்கொண்டிருந்த வெளிச்சம், தங்கப்பழம் திரும்புவதற்குள் அணைந்தது.

எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள். இந்த முகத்தைத் தான் எங்கே பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தினம் ஒரு காட்சிக்கு அவரே விளக்கேற்றிக் காட்டுகிற முகம் அது. ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. துண்டைக் கொடுத்தால் அவள் போய்விடுவாள். அதற்காக, முகம் மட்டும் பார்த்துப் பழகிய ஒருவன், திரைத்துணியில் தெரிகிற ஒருவன், தினமும் செத்துக்கொண்டிருக்கலாம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள்.

காலி டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். செல்லக்கனி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏளா, உன்கிட்ட இருக்கா?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவள் ஈரச் சேலையைக் கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். "அவன் படத்துல உள்ளவன்தானங்க. அவனுக்கு வலிக்குமா?"

"அவளும் படத்துல உள்ளவதான். அவளுக்கு முள்ளு குத்தினா நீ ஏன் அழுத?"

செல்லக்கனி அடுத்த துணியை உதறினாள். "நீங்கதான வெட்டுனீங்க" என்றாள் கடைசியில்.

"ஆமா" என்றார் தங்கப்பழம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை. ஹேமலதா முகம் கழுவி வந்து, "அண்ணா, இன்று நீதிமன்றம் உண்டா?" என்று கேட்டாள். உலகத்துக்கே கோர்ட்டு லீவாக இருந்த அன்றைக்குத்தான் தங்கப்பழம், "உண்டும்மா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். கத்தரிக்கோலைச் சொன்னார், பஸ்ஸைச் சொன்னார், நிப்பைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார். இல்லையே என்று தான் சொன்னதையும் சொன்னார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிடில் எதுவும் கேட்கவில்லை. முகத்தின் இடப்பக்கத்து வெளிச்சம் மட்டும் கொஞ்சம் நடுங்கியது.

"எத்தனை முறை?" என்றாள்.

தங்கப்பழம் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியவில்லை. ஒரு மனிதன் சாவதை அத்தனை தடவை பார்த்தும், எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.



அன்று மதியக் காட்சிக்குக் கொட்டகை நிறைந்திருந்தது. விஷயம் எப்படியோ கசிந்து உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வராவிட்டால் யாராவது தங்களைக் கேள்வி கேட்பார்கள் என்பதுபோல வந்திருந்தார்கள். செல்லக்கனியும் பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏரி வந்தது, ஓட்டல் வந்தது. தாங்கள் தனியாகத்தானே வந்தீர்கள் என்று தோட்டக்காரன் சொன்னபோது இந்தத் தடவை ஒருவரும் திட்டவில்லை. கோர்ட்டு வந்தது. வெளியே ஞானதுரை விசிலை ஊதினார். நீதிபதி பேனாவை எடுத்தார். எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள், ஏனென்றால் திரையில் கதவு திறக்கவில்லை, கொட்டகையின் கதவு திறந்தது.

ஹேமலதா உள்ளே வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் நடுவழியே நடந்தாள். கடலைத் தொலியின்மேல், பீடித்துண்டின்மேல், நடந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். கை வைத்தாள். துணி துணியாகவே இருந்தது. அவளுக்கென்று இருந்த வழி வெட்டுப்பட்டு, ஊர் வீடுகளின் அஞ்சறைப் பெட்டிகளிலும் தலையணை உறைகளிலும் கிடந்தது. நீதிபதியின் பேனா காகிதத்தைத் தொட்டது.

தங்கப்பழத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மெஷினை நிறுத்தினால் சூட்டில் ஃபிலிம் பற்றிக்கொள்ளும், ரகுநாதன் எரிந்துபோவான், ஓடவிட்டால் தொங்குவான். அவர் விளக்கின் கரிக்குச்சிகளை நெருக்கிவைத்தார். அந்த மெஷின் பிறந்ததிலிருந்து காட்டாத வெளிச்சத்தைக் காட்டவைத்தார். அந்த வெளிச்சம் ஹேமலதாவின் முதுகில் பட்டு, அவள் நிழல் திரையில் விழுந்தது. நிழலுக்கு யாரும் வழி வெட்ட முடியாது. அது கோர்ட்டுத் தரையில் நீண்டு, வக்கீல்களின் மேசைகளைக் கடந்து, கூண்டுக் கம்பிகளின்மேல் ஏறி, ரகுநாதனின் நெஞ்சில் விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். நீதிபதி பேனாவை மூடி வைத்தார். பிறகு பார்த்தால் திரைக்கு முன்னால் யாரும் இல்லை.

வெளியே பஸ் ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, காலியாக மலை ஏறிப் போனது. ஒருவரும் அசையவில்லை.

மெஷினில் ரீல் தீர்ந்து, அதன் நுனி தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது. படம் மட்டும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை. ரகுநாதனும் ஹேமலதாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கன்னம் இன்னும் ஒட்டியே இருந்தது, கழுத்தைச் சுற்றி ஒரு தழும்பு இருந்தது. அவள் அதை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவனுடைய தோளுக்கு மேலே, அவள் கண்கள் கொட்டகை முழுவதையும் பார்த்தன: பூக்காரியை, வளையல்காரரை, போஸ்ட்மேனை, பெண்கள் பக்கத்தை, சதுரத் துவாரத்தை.

"இவ்வளவு காலம் எங்கே இருந்தாய், ஹேமா?"

"ஓர் ஊரில்."

"உன்னை யார் பார்த்துக்கொண்டார்கள்?"

அவள் நிதானமாக யோசித்தாள். திட்டப் போகிறாள் என்று சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டினால் நன்றாயிருக்கும் என்று தங்கப்பழம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் காத்திருந்தார்.

"அந்த ஊரில் மனிதர்கள் யாரும் இல்லை" என்றாள் ஹேமலதா.

வணக்கம் விழுந்தது. திரை வெறும் வெள்ளையாயிற்று. அந்த வெள்ளை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரும் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை; யாரும் இல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார்கள். பெண்கள் பக்கத்தில் செல்லக்கனி மட்டும் எழுந்து நின்றாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கூட்டத்தில் தவறிய பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் இருந்தேனேடி."

மேலே, தங்கப்பழம் விளக்கை அணைக்கவில்லை.